கறுப்புச் சேறும் பழுப்புத் தோலும்: கால்வாய் வண்டலில் எம்டிபிஇ சிதைகிறதா என்று சோதிக்கும் முறை

டர்பனின் தெற்குப் பக்கத்தில், மெர்பேங்க், ஜேக்கப்ஸ், கிளேர்வுட், இசிபிங்கோ வட்டாரத்தில், எண்ணெய்த் தொட்டியும் குடியிருப்பும் அடுத்தடுத்து இருக்கும். தென்னாப்பிரிக்காவின் முதல் சுத்திகரிப்பு ஆலை 1954இல் வென்ட்வொர்த்தில் எழும்பியதிலிருந்து அப்படித்தான். இங்கே ஒரு கராஜின், அதாவது பெட்ரோல் நிலையத்தின், நிலத்தடித் தொட்டி கசிந்தால், பெட்ரோல் நிலத்தடி நீரோடு மெல்ல நகர்ந்து பக்கத்துக் கால்வாயின் அடிச்சேற்றுக்குள் வந்து ஊறும். பிறகு வரும் ஆலோசகர் அறிக்கையில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: நுண்ணுயிர்கள் தானே தின்றுவிடும், கண்காணித்தால் போதும். சில இடங்களில் அது உண்மை. சில இடங்களில் அது வெறும் சாக்கு. எது எங்கே என்று கண்டுபிடிக்கச் சேற்றைப் புட்டியில் அடைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஆய்வக வசதி உள்ள மாணவர்களுக்கும், ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் ஊர்க் குழுக்களுக்கும் அதன் செய்முறை இது.

பெட்ரோலில் ஆக்சிஜன் கூட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள்களில் அதிகம் தொல்லை தருவது எம்டிபிஇ, அதாவது மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர். பென்சீன் ஒரு லிட்டர் நீரில் 1.8 கிராம் அளவுக்குக் கரையும். எம்டிபிஇ 40 கிராமுக்கு மேல் கரையும், சேற்றின் கரிமப் பொருளிலும் அதிகம் ஒட்டாது. அதனால் பென்சீன் பின்தங்க, இது நீரோடு முன்னால் ஓடிவிடும். நுண்ணுயிர் இதன்மேல் கை வைத்தால் முதலில் உண்டாவது டிபிஏ என்ற டெர்ஷியரி பியூட்டைல் ஆல்கஹால். ஒரு கார்பன் அணுவைச் சுற்றி மூன்று மெத்தில் கிளைகள் காவல் நிற்கிற அமைப்பு இரண்டுக்கும் பொது. நொதிக்குப் பிடி கிடைக்காத இடம் அதுதான். டிபிஏ நீரோடு எந்த அளவிலும் கலக்கும். ஆகவே எம்டிபிஇ குறைந்துவிட்டது என்பது பாதிச் செய்தி. டிபிஏ என்ன ஆனது என்று சொல்லாத அறிக்கையை நம்ப வேண்டாம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் பெட்ரோல் கலந்த இரண்டு இடங்களின் ஓடைச் சேற்றில் கதிரியக்கக் கார்பன் ஏற்றிய எம்டிபிஇயை இட்டு 1999இல் முடிவை வெளியிட்டார்கள். 105 நாளில் 73 விழுக்காடு வரை கரியமில வாயுவாக மாறியிருந்தது, டிபிஏ 84 விழுக்காடு வரை. காற்றே இல்லாத புட்டிகளில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. எல்லாச் சேற்றுக்கும் இதே எண் வராது, ஆனால் ஆக்சிஜன் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் பெரும்பாலும் எம்டிபிஇயோ டிபிஏயோ அப்படியே நிற்கும் என்ற போக்கு திரும்பத் திரும்பக் காணப்பட்டது. எம்டிபிஇயைத் தின்று வளரும் சில நுண்ணுயிர்கள் தனியே பிரிக்கப்பட்டிருக்கின்றன. மெத்திலிபியம் பெட்ரோலீஃபிலம் பிஎம்1 கலிபோர்னியாவில் கிடைத்தது. மைக்கோபாக்டீரியம் ஆஸ்ட்ரோஆஃப்ரிகானம் ஐஎஃப்பி 2012 பிரான்சில் கிடைத்தது. அந்த இனத்துக்கு அப்பெயர் வந்தது, முதலில் விவரிக்கப்பட்ட வகை தென்னாப்பிரிக்க நீரிலிருந்து எடுக்கப்பட்டதால். பெயரில் நம் ஊர் இருக்கிறது என்பதால் நம் சேற்றிலும் அது வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சேறு எடுப்பது

எங்கே எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி. துறைமுகத்தை நெருங்கும்போது உம்பிலோ, உம்ஹ்லதுசானா ஆறுகள் இரண்டும் கான்கிரீட் கால்வாய்களாகிவிடும். கான்கிரீட்டின் மேல் படிந்த சேறு மேலிருந்து அடித்துவந்தது. நிலத்தடி நீர் அதன் வழியாக ஊறி வருவதில்லை, விரிசலும் இணைப்பும் உள்ள இடங்களைத் தவிர. உங்களுக்கு வேண்டியது நிலத்தடி நீர் கீழிருந்து மேலே வரும் மண்ணடி. கடல்நீர் வற்றத்தின்போது கரையோரம் நடந்தால், தண்ணீர் கசிந்து மினுங்கும் இடம், துரு நிறப் படலம் படிந்த இடம் கண்ணில் படும். அங்கே எடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த ஆறுகளின் அடிச்சேறு புரண்டுபோனது. மேலே இருப்பதெல்லாம் புதியது, கீழே இருப்பதெல்லாம் பழையது என்று அடுக்கை வைத்துக் காலம் கணிக்காதீர்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவற்றம் வசதியானது. அலையாத்தி மரங்கள் உள்ள கழிமுகத்தில் வேரைக் கிழிக்காமல் போங்கள், அங்கே சில வகைகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. மேலாற்று நன்னீரில் தோல் வழியே நுழையும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி உண்டு, கழிவுநீர்க் கசிவும் உண்டு. இடுப்பளவு ரப்பர் காலுறையும் நீண்ட கையுறையும் கட்டாயம்.

உள்விட்டம் 50 மிமீ, நீளம் 60 செமீ உள்ள தெளிவான பாலிகார்பனேட் குழாயைச் செங்குத்தாக, திருகாமல், மெதுவாக அழுத்துங்கள். மேல்வாயை ரப்பர் அடைப்பானால் மூடி, காற்றுப் பிடியோடு மேலே இழுத்து, நீருக்கு வெளியே வருவதற்குள் கீழ்வாயையும் மூடுங்கள். சேற்றின்மேல் 5 செமீயாவது கால்வாய் நீர் நிற்கட்டும். குழாயைச் சாய்க்காமல் பனிக்கட்டிப் பெட்டியில் நிறுத்திக் கொண்டுவாருங்கள். குளிர வேண்டும், உறையக் கூடாது.

இப்போது குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் தடிப்பில் பழுப்பு நிறத் தோல் ஒன்று தெரியும். அதற்குக் கீழே எல்லாம் மை போலக் கறுப்பு. பழுப்பு நிறம் துருப்பிடித்த இரும்பு, அங்கே ஆக்சிஜன் எட்டுகிறது. கறுப்பு நிறம் இரும்புச் சல்ஃபைடு, அழுகின முட்டை வாடை அங்கிருந்துதான் வருகிறது. கீழிருந்து ஏறிவரும் எம்டிபிஇ சிதைய வாய்ப்புள்ள இடம் பெரும்பாலும் அந்தப் பழுப்புத் தோலும் அதை ஒட்டிய சிறு பகுதியும் மட்டுமே. தோலின் தடிப்பை அளவுகோலால் அளந்து எழுதி வையுங்கள். பிறகு எந்தக் கருவி தரும் எண்ணைவிடவும் இந்த எண் அடிக்கடி கைகொடுக்கும்.

ஒரு புட்டிக்கு ஈரச் சேறு 30 கிராம். 12 புட்டிகளுக்கு 360 கிராம், அதில் பாதி, 180 கிராம், மேல்சேறு. மேல் 5 செமீயை மட்டும் வெட்டினால் ஒரு குழாயில் ஏறக்குறைய 135 கிராம் கிடைக்கும், அதனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய்களாவது எடுக்க வேண்டும். கீழிருந்து தள்ளி, மேல் 5 செமீயையும் 15 முதல் 30 செமீ வரையுள்ள பகுதியையும் தனித்தனியே சேருங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் சோதனை செய்ததற்குப் பொருளே இல்லை. கீழ்ப்பகுதியை நைட்ரஜன் நிறைத்த பைக்குள்ளேயே கையாள வேண்டும். வெளியில் வைத்துக் கிளறினால் கறுப்பு கண்முன்னே சாம்பல் நிறமாகும். அந்தச் சேறு காற்றில்லாப் புட்டிக்கு இனி உதவாது.

புட்டி

160 மிலி கொள்ளும் கண்ணாடி சீரம் புட்டி, டெஃப்ளான் பூசிய பியூட்டைல் ரப்பர் மூடி, அலுமினிய வளையம், அதை இறுக்கும் கிரிம்பர். பழைய மருந்துப் புட்டிகளைக் கழுவிப் பயன்படுத்தலாம், ரப்பரை மட்டும் புதிதாக வாங்குங்கள். சாதாரண ரப்பரும் சிலிக்கானும் எம்டிபிஇயை உறிஞ்சும், கசியவும் விடும்.

புட்டியில் 30 கிராம் சேறு, அதே இடத்து நீர் 80 மிலி. சேற்றின் ஈரத்தையும் சேர்த்தால் மொத்த நீர் சுமார் 95 மிலி, மேலே 60 மிலி காற்று. இந்த 60 மிலி காற்றில் சுமார் 16 மிகி ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு மிகி எம்டிபிஇ முழுதும் எரிய 2.7 மிகி ஆக்சிஜன் போதும், நாம் இடப்போவது அரை மிகி கூட இல்லை. கணக்கைப் பார்த்தால் தாராளம். ஆனால் கறுப்புச் சேற்றின் சல்ஃபைடும் இரும்பும் கழிவுநீர்க் கரிமமும் பந்திக்கு முந்திக்கொள்ளும், சில நாளிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடலாம். எம்டிபிஇ சிதையவில்லை என்று வரும் முடிவுகளுக்குள் எத்தனை, மூச்சு முட்டிப்போன புட்டிகளால் வந்தவையோ! காற்றுப் புட்டிகளில் வாரம் ஒருமுறை மேல்வெளி ஆக்சிஜனை அளந்து, 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வடிகட்டிய சுத்த ஆக்சிஜனை ஊசியால் ஏற்றுங்கள்.

எம்டிபிஇ இடுவது இப்படி. 100 மிலி அளவுக் குடுவையில் கொதிக்கவைத்து ஆற்றிய நீரை நிரப்பி, 100 மைக்ரோலிட்டர் எம்டிபிஇயைக் கண்ணாடிச் சிரிஞ்சால் நீருக்கு அடியில் விடுங்கள். 74 மிகி எடை, ஆகவே லிட்டருக்கு 740 மிகி. இதுதான் மூலக் கரைசல். மூடி, தலைகீழாகப் பலமுறை புரட்டி, ஒரு மணி நேரம் நிற்கவிடுங்கள். இதில் 0.64 மிலியை மூடிய புட்டிக்குள் ஊசியால் இட்டால் லிட்டருக்கு 5 மிகி வரும். மேல்வெளிக்குத் தப்புவது இரண்டு விழுக்காடு அளவுதான், பொருட்படுத்த வேண்டாம்.

கடையில் கிடைக்கும் அளவீட்டுக் கரைசல்கள் பலவும் மெத்தனாலில் கரைத்தவை. அதை எடுத்துப் புட்டியில் இடாதீர்கள். நுண்ணுயிருக்கு மெத்தனால் பால்சோறு. அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு எம்டிபிஇயை ஏறெடுத்தும் பார்க்காது. இன்னொன்று, வாங்கிய எம்டிபிஇயிலேயே சிறிது டிபிஏ கலந்திருக்கும். மூலக் கரைசலை முதல் நாளே அளவீட்டுக் கருவியில் (வாயு நிறப்பிரிகைக் கருவி) ஓட்டிப் பார்த்து அந்த அளவை எழுதி வைத்தால், டிபிஏ பிறந்துவிட்டது என்று பின்னால் ஏமாற மாட்டீர்கள்.

நான்கு வகைப் புட்டிகள், வகைக்கு மூன்று: மேல்சேறு காற்றோடு, கீழ்ச்சேறு நைட்ரஜனோடு, மேல்சேறு கொன்றது, கீழ்ச்சேறு கொன்றது. கொல்வதற்கு 121 டிகிரியில் ஒரு மணி நேரம், மூன்று நாள் தொடர்ந்து ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில். ஒரே நாளில் மூன்று மணி நேரம் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. தூங்கும் விதையுயிர்கள் இரவில் முளைத்தால்தான் மறுநாள் சாகும். எம்டிபிஇயை ஆட்டோகிளேவுக்குப் பிறகே இடுங்கள். சோடியம் அசைடு போட்டுக் கொல்லும் வழக்கம் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றில்லா உயிர்களை அது சரியாகக் கொல்லாது, அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு, செம்பு அல்லது ஈயக் குழாயில் ஊற்றினால் வெடிக்கும் உப்பு.

காற்றில்லாப் புட்டிகளில் லிட்டருக்கு 1 மிகி ரெசாசுரின் என்ற சாயம் சேருங்கள். நிறமின்றி இருந்தால் நலம். இளஞ்சிவப்பு வந்தால் எங்கேயோ காற்று புகுந்துவிட்டது. பெட்ரோலே ஊறிய இடம் என்றால் ஐந்தாவது வகையாக, எம்டிபிஇயோடு பென்சீனும் டொலுவீனும் சேர்த்த புட்டியும் வைக்கலாம். எளிதில் தின்னக்கூடியது பக்கத்தில் இருந்தால் எம்டிபிஇ வரிசையில் கடைசிக்குப் போய்விடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் மோசம், எத்தனால்தான் முதலில் ஆக்சிஜனைக் குடிக்கும்.

புட்டிகளைத் தலைகீழாக, இருட்டில், 22 முதல் 25 டிகிரியில் வையுங்கள். தலைகீழாக வைத்தால் ஊசித் துளையை நீர் மூடிக்கொள்ளும், வாயு தப்பாது. லோட்ஷெடிங் திரும்ப வந்தால் இன்குபேட்டரை நம்பியிருக்க முடியாது. தெர்மோகோல் பெட்டிக்குள் அதே வெப்பத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் நாலைந்தைக் கூட அடுக்கிவிட்டால், நாலு மணி நேர மின்வெட்டு இரண்டு டிகிரி கூட அசைக்காது. கருவியை ஓட்டும் நாளை மட்டும் மின்வெட்டு அட்டவணை பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாதிரியும் அளவீடும்

0, 7, 14, 28, 56, 84, 105, 140ஆம் நாள்கள். பழக்கமில்லாத சேற்றில் முதல் மாதமோ இரண்டு மாதமோ ஒன்றுமே நடக்காது. அங்கே பொறுமையிழந்து 28ஆம் நாளே சோதனையை மூடுவதுதான் நாம் பார்க்கும் தவறுகளில் அடிக்கடி வருவது. ஒவ்வொரு தடவையும் 2 மிலி நீரை எடுத்தால் அதே அளவு காற்றையோ நைட்ரஜனையோ உள்ளே விடுங்கள்.

வழக்கமாகக் கள நீர் மாதிரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாப்பார்கள். இங்கே அது கெடுதல். அமிலமான மாதிரியை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் எம்டிபிஇயே உடைந்து டிபிஏ ஆகும். சேற்றில் நடக்காத சிதைவு கருவிக்குள் நடந்து, உங்கள் அறிக்கைக்குள் ஏறிவிடும். கள நீரின் 40 மிலி சிறுகுப்பிக்கு ஏறக்குறைய 0.4 கிராம், புட்டியிலிருந்து எடுத்த 2 மிலிக்கு அதே விகிதத்தில் 0.02 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட் இட்டு, பிஎச் 10.5க்கு மேல் போயிற்றா என்று தாளால் பாருங்கள். குமிழி இல்லாமல் நிரப்பி, 4 டிகிரியில் வைத்து, 14 நாளுக்குள் ஓட்டுங்கள்.

வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால், அவர்களிடம் சானாஸ் (தென்னாப்பிரிக்கத் தேசிய அங்கீகார அமைப்பு) தரும் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அங்கீகாரத்தில் டிபிஏயின் பெயர் இருக்கிறதா, அதன் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். டிபிஏ நீரைவிட்டு லேசில் கிளம்பாது. சூடாக்கியோ உப்பிட்டோ எடுக்காவிட்டால் எம்டிபிஇயைவிடப் பல மடங்கு மந்தமாகத்தான் தெரியும். டிபிஏ காணப்படவில்லை என்ற வரிக்குப் பின்னால் கருவிக்குக் கண் போதவில்லை என்பதும் ஒளிந்திருக்கலாம்.

எண்ணைப் படிப்பது

லிட்டருக்கு 5 மிகி எம்டிபிஇ அப்படியே டிபிஏ ஆனால் 4.2 மிகி வரும். எம்டிபிஇ 5இலிருந்து 1க்கு இறங்கி, டிபிஏ 3.3க்கு ஏறியிருந்தால் எதுவும் தீரவில்லை, சட்டையைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறது. டிபிஏ ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கினால்தான் சிதைவு தொடர்கிறது. கொன்ற புட்டிகளில் இழப்பு 15 விழுக்காட்டைத் தாண்டினால் மூடி கசிகிறது, அந்த வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வேகக் கணக்கில் தூங்கிய நாள்களைச் சேர்க்காதீர்கள். ஒரு பேச்சுக்கு, 42 நாள் சும்மா இருந்து, அடுத்த 28 நாளில் 5 மிகி 1.25 ஆனால், இரண்டு முறை பாதியாகியிருக்கிறது, அரை ஆயுள் 14 நாள். புட்டியில் வந்த 14 நாளைக் கால்வாய்க்கு அப்படியே ஒட்டவும் கூடாது. அங்கே பழுப்புத் தோல் 4 மிமீ மட்டும் இருந்து, நிலத்தடி நீர் அதை ஒரே நாளில் கடந்துவிட்டால், தின்ன நேரம் ஏது?

களத்திலேயே சான்று வேண்டும் என்றால் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள், உதவும். நுண்ணுயிர் இலகுவான கார்பனை முதலில் உடைக்கும், மிஞ்சும் எம்டிபிஇயில் கார்பன்-13 கூடிக்கொண்டே வரும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பொது அளவுகோலோடு ஒப்பிட்ட கார்பன்-13 மதிப்பு ஆயிரத்துக்கு -30இலிருந்து -28க்கு நகர்ந்தது என்று வையுங்கள். காற்றுள்ள சிதைவு, செறிவுக் காரணி (சிதைவு கார்பன்-13ஐ எவ்வளவு நகர்த்தும் என்ற எண்) -2 என்று எடுத்தால், 63 விழுக்காடு போய்விட்டது. காற்றில்லாத சிதைவு, காரணி -14 என்று எடுத்தால், 13 விழுக்காடுதான். ஒரே அளவீடு, இரண்டு கதை. அதனால் துளைநீரின், அதாவது சேற்றுத் துகள்களுக்கு இடையில் நிற்கும் நீரின், ஆக்சிஜன், நைட்ரேட், கரைந்த இரும்பு, சல்ஃபைடு, மீத்தேன் எல்லாம் அளக்காமல் ஐசோடோப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். ஹைட்ரஜன் ஐசோடோப்பையும் சேர்த்து அளந்தால் இரண்டு வழியையும் பிரித்தறியலாம். காற்றுள்ள வகைகளில் சில, கார்பனில் ஆயிரத்துக்கு அரை அளவே மாற்றம் காட்டும். நகரவில்லை என்பதால் சிதையவில்லை என்று சொல்லவும் முடியாது.

துளைநீரை 6 மிமீ எஃகுக் குழாயைச் சொருகி மெதுவாக இழுங்கள், மின்கடத்துத்திறனைப் பார்த்துக்கொண்டே. எண் திடீரென்று தாவினால் மேலே ஓடும் கால்வாய் நீர் குழாயோரமாக இறங்கிவிட்டது, அந்த மாதிரி வேண்டாம். ஆண்டுக்கு நான்கு முறை, இரண்டு ஆண்டாவது, கோடை மழையிலும் குளிர்கால வறட்சியிலும், ஒவ்வொரு முறையும் ஒரே வற்ற நிலையில் எடுங்கள். ஏற்றத்தில் எடுத்ததையும் வற்றத்தில் எடுத்ததையும் ஒரே கோட்டில் போட்டு, குறைந்துவருகிறது என்று காட்டும் வரைபடங்கள் எத்தனையோ உண்டு.

பழைய கராஜ் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்த நாட்டில் 2006 தொடக்கத்தில் நின்றது. அதற்கு முந்திய தொட்டிகளில் ஈயத்தோடு டைபுரோமோஈத்தேனும் டைகுளோரோஈத்தேனும் இருந்திருக்கும். அவற்றையும் பட்டியலில் சேருங்கள். டைபுரோமோஈத்தேனுக்குக் கறுப்புச் சேறே நல்ல இடம், காற்றில்லாமல்தான் அது எளிதில் உடையும். எம்டிபிஇக்காக ஆக்சிஜன் செலுத்தினால் இது நின்றுவிடலாம், இரண்டும் உள்ள இடத்தில் ஒன்றைப் பார்த்து மற்றதைக் கெடுத்துவிடாதீர்கள்.

முடிந்த புட்டிகளைத் திறக்கும் முன் ஆய்வகத்தின் வாயு உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து ஊசியால் அழுத்தத்தை இறக்குங்கள், உள்ளே மீத்தேன் சேர்ந்திருக்கும். எம்டிபிஇ -28 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி விடக்கூடியது, மூலக் கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் ஆபத்துக் கழிவுக் கலனில் சேருங்கள். அறிக்கையில் தோலின் தடிப்பு, தூங்கிய நாள்கள், கொன்ற புட்டியின் இழப்பு, டிபிஏயின் கண்டறியும் எல்லை இந்த நான்கும் முதல் பக்கத்திலேயே வரட்டும். நான்கில் ஒன்று விடுபட்டிருந்தாலும் மீதி அட்டவணைகளைப் படிக்கத் தொடங்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.